மேலே தொடரமைப்பு, கீழே பகிர்மானம்: இடையிலுள்ள மின்மாற்றியில் முடிவெடுப்பவர் யார்?

சுமைவளைவு எழுதியது:

வணக்கம். சிறிய சூரிய மின்நிலையங்களும் காற்றாலைகளும் மேற்கூரைத் தகடுகளும் பெருகிவிட்ட வலையமைப்பில், மின் தொடரமைப்பை (உயர் அழுத்தத்தில் நெடுந்தூரம் கடத்தும் வலையை) இயக்குபவரும் மின் பகிர்மானத்தை (அங்கிருந்து நுகர்வோரிடம் கொண்டுசேர்க்கும் வலையை) இயக்குபவரும் எதற்கு யார் பொறுப்பு என்பதை எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மின்சாரம் பெரிய நிலையங்களில் மட்டும் உற்பத்தியாகி, உயர் அழுத்தத் தொடர்களில் பயணித்து, துணை மின்நிலையத்தில் இறங்கி, நுகர்வோரிடம் சென்று முடிந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. தொடரமைப்பின் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஒவ்வொரு துணை மின்நிலைய மின்மாற்றியும் ஒரு சுமை. அந்தச் சுமை காலையில் ஏறும், மாலையில் உச்சம் தொடும், நள்ளிரவில் இறங்கும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. பகிர்மானத்தில் இருப்பவர்களுக்கும் மேலிருந்து வரும் மின்னழுத்தம் சீராக இருந்தால் போதுமானதாக இருந்தது.

இன்று அந்த மின்மாற்றியில் மீட்டர் காட்டுவது நிகர எண் மட்டுமே. 40 மெகாவாட் நுகர்வும் 38 மெகாவாட் உள்ளூர் உற்பத்தியும் இருக்கும் இடத்திலும் அது 2 என்றுதான் காட்டும். உற்பத்தியே இல்லாமல் 2 மெகாவாட் நுகர்வு மட்டும் இருக்கும் இடத்திலும் 2 என்றுதான் காட்டும். மேகக்கூட்டம் ஒன்று கடந்துபோனால் முதல் துணை மின்நிலையம் சில நிமிடங்களில் கூடுதலாக 20 மெகாவாட் கேட்கக்கூடும். இரண்டாவது எதையும் கேட்காது. மேலே இருப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதிர்வெண்ணுக்கும் (உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருந்தால் 50 ஹெர்ட்ஸில் நிற்கும், பற்றாக்குறையில் இறங்கும், மிகுதியில் ஏறும்) முழு அமைப்பின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்பவர் தொடரமைப்பு இயக்குபவர்தான். ஆகவே சிறிய உற்பத்தியாளர்கள் உட்பட அனைவரையும் அவரே நேரடியாகப் பார்க்கவும் கட்டளையிடவும் வழிசெய்வதே நேர்த்தியான தீர்வு. இரண்டு தலைமைகள் இருக்கும் இடத்தில் குழப்பம்தான் மிஞ்சும். மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

நட்சத்திரமுக்கோணம் எழுதியது:

சுமைவளைவு அவர்களுக்கு வணக்கம். பிரச்சினையைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். தீர்வில் மட்டும் நான் உடன்படவில்லை. காரணம் நிர்வாகம் சார்ந்ததாக இல்லாமல் கம்பியின் இயல்பு சார்ந்ததாக இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உயர் அழுத்தத் தொடர்களில் மின்தடையைவிடத் தூண்டல் மறிப்பு பல மடங்கு அதிகம். அதனால் அங்கே மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் ரியாக்டிவ் திறனும் (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் முன்னும் பின்னும் ஓடும் திறன்; அலகு மெகாவார்), மின்னோட்டத்தின் போக்கை மெகாவாட்டும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கையாளலாம். பகிர்மான ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து நுகர்வோரை நோக்கிச் செல்லும் கம்பித் தொடரில்) இந்த வசதி கிடையாது. அங்கே மின்தடை மறிப்புக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருப்பதால், மெகாவாட்டைச் செலுத்தினாலே மின்னழுத்தம் ஏறிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 11 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்றின் மின்தடை 2 ஓம், மறிப்பு 1.5 ஓம் என்று கொள்வோம். அதன் கடைக்கோடியில் 2 மெகாவாட் சூரிய நிலையம் இணைகிறது. திறனை மின்தடையால் பெருக்கி மின்னழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 364 வோல்ட் வருகிறது. அதாவது கடைக்கோடியில் 3.3 சதவீத உயர்வு. அந்த நிலையத்தை 0.95 திறன் காரணியில் ரியாக்டிவ் திறனை உறிஞ்சச் சொன்னால் அது சுமார் 0.66 மெகாவார் எடுத்துக்கொள்ளும். அதனால் கிடைக்கும் இறக்கம் ஏறத்தாழ 90 வோல்ட்தான். உயர்வு 2.5 சதவீதமாகக் குறைகிறது. பகிர்மானப் பொறியாளருக்கு இது போதுமான நிம்மதி.

ஆனால் அந்த 0.66 மெகாவார் எங்கிருந்து வருகிறது? மின்மாற்றியைத் தாண்டி மேலிருந்துதான். இப்படி ஆயிரம் ஃபீடர்களில் செய்தால் தொடரமைப்பிலிருந்து 660 மெகாவார் அளவுக்கு இழுக்கிறோம். பகிர்மானத்தின் உள்ளூர்ப் பிரச்சினைக்கான மருந்து, மேலே வேறொருவரின் கணக்கில் செலவாகப் பதிவாகிறது. மறுபக்கமும் உண்டு. மேலே அழுத்தம் சற்று மாறினால், துணை மின்நிலையத்தின் டேப் சேஞ்சர் (மின்மாற்றியின் சுற்று விகிதத்தை மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்யும் கருவி) கீழே தன் அழுத்தத்தைக் காப்பாற்றத் தானாக நகர்கிறது. அது சுமையின் அளவைக் கருத்தில் கொண்டு அழுத்தத்தை ஏற்றி இறக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், உள்ளூர் உற்பத்தியால் குறைந்து தெரியும் மின்னோட்டத்தைக் கண்டு ‘சுமை குறைவு’ என்று தவறாக முடிவெடுத்து அழுத்தத்தைத் தாழ்த்திவிடும். அதே மின்மாற்றியில் உற்பத்தியே இல்லாத பக்கத்து ஃபீடரில் இருப்பவர்களுக்கு அப்போது குறைந்த அழுத்தம் வந்து சேரும்.

ஆகவே தாங்கள் சொல்லும் ஒற்றைத் தலைமை, ஒவ்வொரு 11 கிலோவோல்ட் ஃபீடரின் மின்தடையையும் டேப் நிலையையும் அன்றைய பராமரிப்பு மாற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு கீழேதான் இருக்கிறது. அதுவும் பல இடங்களில் பழைய வரைபடங்களிலும் லைன்மேன்களின் நினைவிலும்தான் இருக்கிறது.

---

அதிர்வெண்50 எழுதியது:

நண்பர் நட்சத்திரமுக்கோணம் மின்னழுத்தத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதிர்வெண் பக்கத்திலிருந்து, நடந்து முடிந்த மூன்று நிகழ்வுகளை முன்வைக்கிறேன். இவற்றை அறியாமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது என்பது என் எண்ணம்.

முதலாவது 2006 நவம்பர் 4. வடமேற்கு ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றைக் கடக்கும் 380 கிலோவோல்ட் இரட்டைத் தொடர், ஒரு பெரிய பயணிகள் கப்பல் அடியில் செல்வதற்காக நிறுத்தப்பட்டது. அடுத்தடுத்த தொடர்கள் மிகைச்சுமையால் விலகி, இரவு 10.10 மணியளவில் ஐரோப்பியக் கண்ட வலையமைப்பு மூன்று துண்டுகளாகப் பிரிந்தது. மேற்குத் துண்டில் அதிர்வெண் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. நம் விவாதத்துக்குத் தேவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. மின்சாரம் பற்றாக்குறையாக இருந்த மேற்கில், பகிர்மான வலையில் இணைந்திருந்த காற்றாலைகளில் பல, அதிர்வெண் 49.5 ஹெர்ட்ஸைத் தொட்டதும் விதிப்படி விலகிக்கொண்டு பற்றாக்குறையை அதிகமாக்கின. மின்சாரம் மிகுதியாக இருந்த வடகிழக்கிலோ, அதிர்வெண் உயர்ந்தபோது விலகிய காற்றாலைகள், அது சற்று இறங்கியதும் எவரையும் கேட்காமல் தாமாகவே திரும்பி வந்து இணைந்தன. தொடரமைப்பு இயக்குபவர்கள் பெரிய நிலையங்களைக் குறைக்கக் குறைக்க, கீழிருந்து உற்பத்தி ஏறிக்கொண்டே வந்தது. அவர்களுக்கு அதன்மேல் பார்வையும் இல்லை, பிடியும் இல்லை.

இரண்டாவதைப் பேரிடர் என்று சொல்ல முடியாது. அது தவிர்க்கப்பட்ட ஆபத்து. ஜெர்மனியில் குறைந்த அழுத்த வலையில் இணைந்த சூரியத் தகடுகள் அனைத்தும் 50.2 ஹெர்ட்ஸில் உடனே விலக வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. தகடுகள் சிலவாக இருந்தவரை அது பாதுகாப்பான விதி. அவை பல்லாயிரம் மெகாவாட்டாகப் பெருகியபின், ஒரு நண்பகலில் அதிர்வெண் 50.2-ஐத் தொட்டால் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்துவிடும் என்பது புலப்பட்டது. ஐரோப்பியக் கண்ட அமைப்பு திடீர் இழப்பை எதிர்கொள்ள வைத்திருக்கும் முதல்நிலைக் கையிருப்பு 3,000 மெகாவாட்தான். 2012-இல் ஆணை பிறப்பித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவல்களில், தகட்டின் மின்சாரத்தை வலைக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரில் பதித்திருந்த அளவுகளை மாற்ற வேண்டியதாயிற்று. விதியை எழுதியவர்கள் பகிர்மானத்தை மட்டும் நினைத்து எழுதினார்கள். விளைவு தொடரமைப்பின் தலையில் விழ இருந்தது.

மூன்றாவது 2019 ஆகஸ்ட் 9, பிரிட்டன். மாலை 4.52-க்கு ஒரு தொடரில் மின்னல் தாக்கியது. பழுது நொடிக்கும் குறைவான நேரத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஹார்ன்ஸீ கடற்காற்றாலையில் 737 மெகாவாட்டும், லிட்டில் பார்ஃபர்ட் நிலையத்தின் நீராவி டர்பைனில் 244 மெகாவாட்டும் விலகின. அதே கணத்தில் பகிர்மான வலையில் சுமார் 150 மெகாவாட், மின்னழுத்தக் கோணம் திடீரெனத் தாவியதைக் கண்டு, தான் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டதாகக் கருதி நின்றது. அதிர்வெண் வேகமாக இறங்கியதைக் கண்டு மேலும் 350 மெகாவாட் அளவுக்கு விலகியதாக மதிப்பிட்டார்கள். 48.8 ஹெர்ட்ஸில் தானியங்கிச் சுமைத்துண்டிப்பு செயல்பட்டு, ஏறத்தாழ 11 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள்.

இந்த மூன்றிலும் குற்றவாளி கட்டளையிடும் அதிகாரம் இல்லாமை என்று எடுத்துக்கொண்டால் சுமைவளைவு அவர்களின் வாதம் வலுவடைகிறது. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நொடிக்கும் குறைவான நேரத்தில் நடப்பவற்றுக்கு எந்தக் கட்டுப்பாட்டு மையத்தின் கட்டளையும் போய்ச் சேராது. அங்கே ஆள்வது ரிலேயிலும் (பழுதைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) இன்வெர்ட்டரிலும் முன்கூட்டியே பதிக்கப்பட்ட எண்கள். அந்த எண்களை இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை என்பதே மூன்றுக்கும் பொதுவான காரணம். பிரிட்டனில் அதன்பின் அதிர்வெண் மாறும் வேகத்தைக் கண்டு விலகும் பாதுகாப்பின் வரம்பை நொடிக்கு 0.125 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸாக உயர்த்தும் பணியும், கோணத் தாவலைக் கண்டு விலகும் பாதுகாப்பைக் கைவிடும் பணியும் விரைவுபடுத்தப்பட்டன. அமெரிக்காவில் ஐ.இ.இ.இ. என்ற மின் பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலையின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, சிறிய உற்பத்திகள் பழுதின்போது விலகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது.

---

சுமைவளைவு எழுதியது:

விரிவான பதில்களுக்கு நன்றி. நொடிக் கணக்கில் நடப்பவற்றுக்குப் பொது விதிமுறையே வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நடப்பவற்றைப் பற்றியது. பற்றாக்குறையோ மிகுதியோ வரும்போது உற்பத்தியை ஏற்றவோ இறக்கவோ சொல்வதற்கு, பகிர்மானத்தை ஏன் இடையில் நிறுத்த வேண்டும்? 10 மெகாவாட் சூரிய நிலையத்துக்குத் தொடரமைப்பின் மையம் நேராகக் கட்டளை அனுப்பினால் என்ன கெட்டுப்போகும்?

---

தடம்11 எழுதியது:

கெட்டுப்போவது என்ன என்பதை எண்களோடு காட்ட முடியும், ஐயா. பகிர்மானத் தரப்பில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

புதிய தொடர் போடாமல் அதிக உற்பத்தியை இணைக்கப் பல இடங்களில் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2009-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மின்மாற்றியின் எல்லை எவ்வளவு என்பதைத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இடைவிடாமல் கவனிக்கும். எல்லை மீறும் நிலை வந்தால், ஒப்பந்தப்படி கடைசியாக இணைந்தவரை முதலில் குறைக்கும். இடம் கிடைத்தால் விடுவிக்கும். கீழ்மட்டத்தில் இது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

இப்போது ஒரு மின்மாற்றியில் மேல்நோக்கிச் செல்லக்கூடிய அளவு 30 மெகாவாட் என்று கொள்வோம். அதன் கீழே 25 மெகாவாட் கொடுக்கக்கூடிய சூரிய நிலையமும், 20 மெகாவாட் கொடுக்கக்கூடிய காற்றாலையும், 5 மெகாவாட் உள்ளூர் நுகர்வும் இருக்கின்றன. இரண்டும் முழுமையாக ஓடினால் நிகரம் 40. ஆகவே கருவி காற்றாலையை 10 மெகாவாட்டுக்குக் குறைத்து வைத்திருக்கிறது. 25-உம் 10-உம் சேர்ந்து, 5 கழிந்து, சரியாக 30.

இந்த நேரத்தில் முழு அமைப்பிலும் உற்பத்தி மிகுதியாகிறது. தொடரமைப்பு இயக்குபவர் சூரிய நிலையத்துக்குப் பணம் கொடுத்து 8 மெகாவாட் குறைக்கச் சொல்கிறார். அது 17-க்கு இறங்குகிறது. மின்மாற்றியில் 22 மட்டுமே போவதைக் காணும் கருவி, ‘8 மெகாவாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது’ என்று காற்றாலையை 18-க்கு விடுவிக்கிறது. மின்மாற்றியில் மறுபடியும் 30. கொடுத்த பணம் விழலுக்கு இறைத்த நீர். இரண்டு கட்டளைகளும் தத்தம் அளவில் சரியானவை. இரண்டு கருவிகளும் பழுதில்லாதவை. ஏற்றச் சொன்னாலும் இதே கதைதான்: பேட்டரி ஒன்று 8 மெகாவாட் கூடுதலாகக் கொடுத்தால், கருவி காற்றாலையில் 8-ஐக் குறைத்துவிடும்.

மையத்திலிருந்து பார்ப்பவருக்கு சூரிய நிலையம் சொன்னபடி செய்ததாகவே பதிவாகும். அதன் மீட்டரும் அதைத்தான் சொல்லும். எதிர்பார்த்த பலன் மட்டும் கிடைத்திருக்காது. ஏன் என்று தேடிப் பிடிக்க வாரங்கள் ஆகலாம்.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல, ஆனால் இரு தரப்பும் பேசினால்தான் அது கிடைக்கும். மேலிருந்து ஒரு சேவை வாங்கப்பட்டிருக்கும் நேரம் முழுவதும், அதனால் உண்டாகும் இடத்தை நிரப்பாமல் வைத்திருக்குமாறு கருவிக்குச் சொல்லலாம். அல்லது நெரிசலில் இருக்கும் மின்மாற்றிக்குக் கீழே இருப்பவர்களிடம் அந்த நேரத்தில் சேவை வாங்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் தேவைப்படுவது, ‘இந்த மின்மாற்றியில் இப்போது கட்டுப்பாடு செயல்பாட்டில் இருக்கிறது’ என்ற ஒரே ஒரு தகவல் உரிய நேரத்தில் மேலே போய்ச் சேருவது. பிரிட்டனில் எந்தச் சூழலில் யாருடைய தேவைக்கு முதலிடம் என்பதற்கான முன்னுரிமை விதிகளைத் தனியாக எழுதத் தொடங்கியதற்கு இத்தகைய மோதல்களே காரணம்.

---

ஏலமேடை எழுதியது:

விவாதம் முழுவதும் கட்டளை, அதிகாரம் என்றே போகிறது. விலை என்ற கருவியையும் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் தொடரமைப்பு இயக்கும் நிறுவனமும் பகிர்மான நிறுவனங்களும் சேர்ந்து 2019-இல் கோபாக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின. ஓரிடத்தில் நெரிசல் ஏற்பட்டால், அந்த இடத்தில் உற்பத்தியைக் குறைக்கவோ நுகர்வைக் கூட்டவோ முன்வருபவரின் விலையும், நெரிசல் இல்லாத வேறோர் இடத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்ய முன்வருபவரின் விலையும் இணைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை வலையமைப்பு நிறுவனம் கொடுக்கிறது. எதிர்ச்செயல் எப்போதும் கூடவே நடப்பதால் முழு அமைப்பின் சமநிலை குலைவதில்லை. மேலும், ஓர் இணைப்பு ஏற்கப்படுமுன் அது பங்கேற்கும் மற்ற நிறுவனங்களின் வலையில் புதிய நெரிசலை உண்டாக்குமா என்று சரிபார்க்கப்படுகிறது. தடம்11 சொன்ன முரண்பாட்டை வாங்கும் இடத்திலேயே தடுக்கும் ஏற்பாடு இது.

அமெரிக்காவில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2020 செப்டம்பரில் பிறப்பித்த 2222-ஆம் எண் ஆணை, சிறிய உற்பத்திகளையும் பேட்டரிகளையும் திரட்டி, குறைந்தது 100 கிலோவாட் அளவிலிருந்தே மொத்தச் சந்தையில் பங்கேற்க வழி திறந்தது. அதில் பகிர்மான நிறுவனத்துக்கு, திரட்டுநரின் பட்டியலைச் சரிபார்க்க 60 நாள் வரை அவகாசம் உண்டு. ஜெர்மனியில் 2021 அக்டோபர் 1 முதல் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள எல்லா நிலையங்களும் நெரிசல் நீக்கத் திட்டமிடலுக்குள் கொண்டுவரப்பட்டன. அதுவரை பெரிய நிலையங்களுக்கு மட்டுமே இருந்த வேலையில் பகிர்மான நிறுவனங்களும் முதல்முறையாக முழுப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

ஆகவே யார் தலைவர் என்று சண்டையிடுவதைவிட, இருவரும் ஒரே விலைப்பட்டியலிலிருந்து வாங்கும் பொதுச் சந்தை அமைப்பதே பொருத்தமானது என்று கருதுகிறேன். ஒரு பேட்டரியின் 5 மெகாவாட்டை ஒருவர் வாங்கிவிட்டார் என்றால் மற்றவருக்கு அது அந்தப் பட்டியலில் தெரியும். இரண்டு முறை விற்க முடியாது.

---

நட்சத்திரமுக்கோணம் எழுதியது:

ஏலமேடை அவர்கள் குறிப்பிட்ட நெதர்லாந்து ஏற்பாடு எனக்கும் பிடித்ததே. ஆனாலும் சந்தைக்கு ஓர் இயல்பான வரம்பு உண்டு. நெரிசல் ஒரு நகரப் பகுதியின் ஒற்றை மின்மாற்றியில் இருந்தால், அங்கே விற்பனைக்கு வருபவர்கள் இருவரோ மூவரோதான். அவர்களில் ஒருவர் விலையை நிர்ணயித்துவிடுவார். நெரிசல் வரும் என்று தெரிந்தே முதலில் அதிகமாக உற்பத்தி செய்வதாக அறிவித்துவிட்டு, பிறகு குறைப்பதற்குப் பணம் கேட்பதும் சாத்தியம். கீழே போகப் போகச் சந்தை மெலிந்துகொண்டே போகிறது. அங்கே ஒப்பந்தமும் விதியும்தான் நிற்கும்.

இதனால்தான் ஆஸ்திரேலிய வழிமுறை எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நெரிசலான பகுதிகளில் புதிய மேற்கூரைச் சூரிய அமைப்பு வலைக்கு அனுப்பக்கூடிய அளவு 1.5 கிலோவாட் என்று நிலையாகக் கட்டுப்படுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. ஆண்டில் சில மணிநேரங்கள் மட்டுமே இருக்கும் பிரச்சினைக்காக ஆண்டு முழுவதும் அந்தக் கட்டுப்பாடு. அதற்குப் பதிலாக, மாறும் எல்லையை ஏற்றுக்கொள்பவருக்கு 10 கிலோவாட் வரை அனுமதி தரப்பட்டது. வலையின் நிலையைப் பொறுத்து அந்த எல்லை நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். தொடர்பு அறுந்தால் மட்டும் இன்வெர்ட்டர் தானாக 1.5 கிலோவாட்டுக்கு இறங்கிக்கொள்ளும்.

இதில் பொறுப்புப் பிரிவினை தெளிவாக இருப்பதைக் கவனியுங்கள். பகிர்மான நிறுவனம் யாருக்கும் ‘இவ்வளவு உற்பத்தி செய்’ என்று சொல்வதில்லை. ‘இந்த அரை மணிநேரத்துக்கு இந்த எல்லைக்குள் இரு’ என்று மட்டும் சொல்கிறது. எல்லைக்குள் எவ்வளவு, எந்த விலைக்கு, யாருக்கு என்பதைத் திரட்டுநரும் மேலே உள்ள சந்தையும் முடிவு செய்துகொள்ளலாம். தொடரமைப்பு இயக்குபவருக்குக் கீழே உள்ள கம்பிகளின் மின்தடை தெரிய வேண்டியதில்லை; எல்லைகள் தெரிந்தால் போதும்.

அங்கேயும் அவசரநிலைக்கு மேலிருந்து வரும் கட்டளை உண்டு என்பதை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 14 அன்று, நுகர்வு மிகக் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அமைப்பின் பாதுகாப்புக்காக மேற்கூரை உற்பத்தியைக் குறைக்கத் தேசியச் சந்தை இயக்குநர் உத்தரவிட்டார். நிறைவேற்றியவர்கள் பகிர்மான நிறுவனத்தினரும் அவர்கள் மூலமாக மற்றவர்களும்தான். துணை மின்நிலையத்தில் அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்தி, பழைய இன்வெர்ட்டர்களைத் தாமாக விலகச் செய்யும் முறையும் அங்கே பயன்படுகிறது. அழகான முறை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தொலைத்தொடர்பே இல்லாத கருவியிடம் பேச வேறு வழியில்லை.

---

நிலைமதிப்பீடு எழுதியது:

மேலே எல்லோரும் ‘தகவல் போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று எளிதாகக் கடந்துவிட்டார்கள். அந்தத் தகவலைத் தயாரிப்பதுதான் என் வேலை என்பதால் சில வரிகள்.

தொடரமைப்பில் தேவைக்கு அதிகமாகவே அளவீடுகள் இருக்கும். ஒரு மீட்டர் பொய் சொன்னால் மற்றவற்றை வைத்துப் பிடித்துவிடலாம். பகிர்மானத்தில் நிலைமை தலைகீழ். ஃபீடரின் தொடக்கத்தில் ஓர் அளவீடு, பிறகு கிலோமீட்டர் கணக்கில் எதுவுமே இல்லை. மீதியை வரலாற்றுச் சுமைத் தரவையும் வானிலையையும் வைத்து ஊகிக்கிறோம். ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதே என்பார்கள். அதன் தரவு பெரும்பாலும் மறுநாள்தான் கைக்கு வருகிறது. பில் போட அது போதும், இயக்கத்துக்குப் போதாது.

எனவே ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்களின் நொடிக்கு நொடித் தரவை மேலே அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். மேலே தேவைப்படுவது, தொடரமைப்பும் பகிர்மானமும் சந்திக்கும் எல்லை மின்மாற்றி ஒவ்வொன்றுக்கும் சில எண்கள்: நிகர ஓட்டத்தை நுகர்வாகவும் உற்பத்தியாகவும் வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் மதிப்பீடு, அடுத்த சில மணிநேரத்துக்கான முன்கணிப்பு, கீழே உள்ள கட்டுப்பாடுகளை மீறாமல் இந்த மின்மாற்றியில் மெகாவாட்டும் மெகாவாரும் எந்த எல்லை வரை நகர முடியும் என்ற பரப்பு. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அதை ஒரு வரைபடமாக எண்ணிப் பாருங்கள். ஓர் அச்சில் மெகாவாட், மறு அச்சில் மெகாவார், நடுவில் மூடிய ஒரு வடிவம். கீழே ஒரு ஃபீடர் பராமரிப்புக்காக வேறு பாதைக்கு மாற்றப்பட்டால் அந்த வடிவம் சுருங்கும். காலையில் அனுப்பிய வடிவத்தையே மாலை வரை நம்பிக்கொண்டிருந்தால் தடம்11 சொன்ன கதை வேறு உருவில் திரும்ப வரும்.

கீழிருந்து மேலே போவதைப் பற்றியே பேசுகிறோம். மேலிருந்து கீழே வர வேண்டியதும் உண்டு: தொடரமைப்பில் நாளை எந்தத் தொடர் நிறுத்தப்படுகிறது என்பது தெரியாமல், பகிர்மானத்தில் இரண்டு துணை மின்நிலையங்களை 33 கிலோவோல்ட் வழியாக இணைத்தால், மேலே தடைபட்ட மின்சாரம் கீழே உள்ள மெல்லிய கம்பி வழியாகச் சுற்றிவரப் பார்க்கும்.

---

அதிர்வெண்50 எழுதியது:

நிலைமதிப்பீடு அவர்கள் மெகாவாரைக் குறிப்பிட்டதால் நட்சத்திரமுக்கோணத்தின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். உள்ளூர் உற்பத்தி ரியாக்டிவ் திறனை உறிஞ்சுவது மேலே உள்ளவருக்குச் செலவு என்று அவர் எழுதினார். அது சுமை மிகுந்த நேரத்தில் சரி. இளவேனில் கால நண்பகலில் கதை தலைகீழாகிவிடும்.

உள்ளூர் உற்பத்தி மிகுந்து, நீண்ட உயர் அழுத்தத் தொடர்களில் மின்னோட்டம் குறைந்தால், அத்தொடர்களே ரியாக்டிவ் திறனை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. பகிர்மானத்தில் நிலத்தடிக் கேபிள்கள் பெருகியிருந்தால் கீழிருந்தும் மெகாவார் மேலே ஏறுகிறது. அதை உறிஞ்சி வந்த பெரிய ஜெனரேட்டர்கள் அந்த நேரத்தில் சந்தையில் இடம் கிடைக்காமல் நிறுத்தப்பட்டிருக்கும். 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12.33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கிய நிகழ்வில் மையமாக இருந்தது மிகை மின்னழுத்தம்தான். புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் பல, விதிப்படி நிலையான திறன் காரணியில் இயங்கிக்கொண்டிருந்தன. அழுத்தம் ஏறியபோது அதற்கேற்ப மேலும் உறிஞ்ச வேண்டிய கடமை அவற்றுக்கு விதிக்கப்பட்டிருக்கவில்லை. அழுத்தம் ஏற ஒரு நிலையம் விலகியது. விலகியதால் அது உறிஞ்சிவந்த மெகாவாரும் போயிற்று. அதனால் அழுத்தம் இன்னும் ஏறியது.

ஆகவே ‘உறிஞ்சு’ என்றோ ‘உறிஞ்சாதே’ என்றோ ஒரே விதியாக எழுதிவைப்பது போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள், எல்லையில் இறக்குமதி உச்ச அளவின் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது பகிர்மானம் மேல்நோக்கி ரியாக்டிவ் திறனை அனுப்பாமல் இருக்கும் திறனைக் கோரத் தொடரமைப்பு இயக்குபவருக்கு இடமளிக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அதற்கு மேல், எல்லை மின்மாற்றிக்கு நேரத்தைப் பொறுத்து மாறும் மெகாவார் இலக்கு ஒன்று இருக்க வேண்டும். அதைக் கீழே எந்தக் கருவியைக் கொண்டு நிறைவேற்றுவது என்பது பகிர்மானத்தின் விருப்பம். டேப் சேஞ்சரா, ஷன்ட் ரியாக்டரா (ரியாக்டிவ் திறனை உறிஞ்சும் சுருள்), இன்வெர்ட்டரா என்று மேலே இருப்பவர் கேட்கவே கூடாது.

---

சுமைவளைவு எழுதியது:

தலைமை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற என் வாதத்தை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்: எல்லை மின்மாற்றியில் மெகாவாட், மெகாவார் இலக்குகளை மேலே உள்ளவர் சொல்லலாம், அதற்குக் கீழே நுழையக் கூடாது, அவசரநிலையில் மட்டும் பகிர்மானம் வழியாகக் கட்டளை போகலாம். அப்படியானால் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. 48.8 ஹெர்ட்ஸில் செயல்படும் தானியங்கிச் சுமைத்துண்டிப்பு பகிர்மானத்தின் ஃபீடர்களில்தான் இருக்கிறது. ஆனால் அது தொடரமைப்பின் பாதுகாப்புக்கானது. நண்பகலில் மேல்நோக்கி மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஃபீடரைத் துண்டித்தால் நிலைமை மோசமாகத்தானே ஆகும்? அந்தப் பட்டியலை யார் வைத்திருப்பது?

---

தடம்11 எழுதியது:

மோசமாகத்தான் ஆகும். 2019 ஆகஸ்ட் நிகழ்விலேயே, பகிர்மான நிறுவனங்கள் துண்டித்த சுமையின் அளவைவிடத் தொடரமைப்பில் தெரிந்த நிகர நிவாரணம் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. கீழே உள்ளூர் உற்பத்தியும் சேர்ந்தே போனது அதற்கு ஒரு விளக்கம்.

பட்டியல்கள் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை, குளிர்கால உச்சச் சுமையை வைத்துத் தயாரிக்கப்பட்டவை. இனி அவை அப்படி இருக்க முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில், ஃபீடரில் மின்னோட்டம் எதிர்த்திசையில் இருக்கும்போது துண்டிப்பு ரிலே தானாகச் செயலிழந்து, திசை திரும்பியதும் மறுபடி தயார் நிலைக்கு வரும் ஏற்பாட்டை நோக்கிச் செல்கிறார்கள். கருவியும் பராமரிப்பும் பகிர்மானத்துடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு மெகாவாட் துண்டிக்கத் தயாராக இருக்கிறது என்ற மொத்த எண் மேலே தொடர்ந்து தெரிய வேண்டும். அந்த எண் தேவையான அளவுக்குக் கீழே போனால், முன்கூட்டியே கையிருப்பைக் கூட்டுவது தொடரமைப்பு இயக்குபவரின் கடமை.

மீட்டெடுப்பிலும் இதே சிக்கல் இருப்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். துண்டிப்பதற்கு முன் 2 மெகாவாட் காட்டிய ஃபீடரில் உண்மையில் 6 மெகாவாட் நுகர்வும் 4 மெகாவாட் மேற்கூரை உற்பத்தியும் இருந்திருக்கலாம். பிரேக்கரை மூடியவுடன் நுகர்வு முழுவதும் வந்துவிடும். இன்வெர்ட்டர்களோ வலை சீராக இருப்பதை உறுதிசெய்துகொண்டு காத்திருக்கும். ஐ.இ.இ.இ. 1547-இன் இயல்பு அமைப்பில் அந்தக் காத்திருப்பு 300 நொடிகள், அதன் பிறகும் உற்பத்தி படிப்படியாகவே ஏறும். ஆகவே மீட்டெடுப்பு வரிசையில் அந்த ஃபீடரை 2 மெகாவாட் என்று எழுதி வைத்திருந்தால், மேலே இருப்பவர் 2 கொடுக்கத் தயாராக இருப்பார், கீழே 6 கேட்கப்படும். எங்கள் தரப்பிலிருந்து போகும் பட்டியலில் நிகர எண்ணுக்குப் பக்கத்தில் மொத்த நுகர்வையும் தனிப் பத்தியாகச் சேர்த்தே அனுப்ப வேண்டும். பிரேக்கரை மூடும் வரிசையை இரு கட்டுப்பாட்டு மையங்களும் அந்த இரண்டாம் பத்தியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.